உங்களுக்குத் தெரியுமா? – மூக்குக்குப் பக்கத்தில் இருக்கும் புகை

பீடி, சிகரெட்டைத் தொட்டே பார்க்காத பெண்களுக்கும் சிஓபிடி எனும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் வருகிறது. கிராமங்களில் அதற்கு முக்கியக் காரணம் விறகடுப்பு. ஈர விறகு பிடிக்காமல் புகையும்போது ஊதுகுழலை எடுப்பவரைக் கவனியுங்கள். முகத்தை அடுப்பு வாயருகே கொண்டுபோய், ஒவ்வொரு ஊதலுக்கும் முன்னால் நெஞ்சு நிறைய மூச்சை இழுப்பார். புகை எங்கே அதிக அடர்த்தியோ, அங்கேதான் அவர் ஆழமாக மூச்சு வாங்குகிறார். விறகை முன்கூட்டியே வெயிலில் நன்றாகக் காயப்போட்டால் ஊதும் வேலை வெகுவாகக் குறையும். சமையல் முடியும்வரை கைக்குழந்தையை வெளியே வேறு யாராவது வைத்துக்கொள்ளட்டும்.

கேஸ் வந்த வீடுகளிலும் குளிக்க வெந்நீர் மட்டும் விறகில் காய்வது உண்டு. அந்தப் புகையும் அதே புகைதான். வெளியே மூட்டும் வெந்நீர் அடுப்பை வாசற்படி, ஜன்னலை விட்டுத் தள்ளி வையுங்கள்.

சீனாவின் சுவான்வெய் பகுதியில் புகைபோக்கி இல்லாத அடுப்பில், வீட்டுக்குள்ளேயே நிலக்கரி எரித்துவந்தார்கள். 1970களின் பிற்பகுதியிலிருந்து பலர் புகைபோக்கி வைத்த அடுப்புக்கு மாறினார்கள். புகை வெளியே போக வழி கிடைத்தது, அவ்வளவுதான். அந்த வீடுகளில் சிஓபிடி குறைந்தது. நுரையீரல் புற்றுநோயும் குறைந்தது. ஆனால் சிஓபிடியில் பலன் ஐயமின்றித் தெரியச் சுமார் 10 ஆண்டுகள் பிடித்தன. அடுப்பைச் சீர்செய்வதைத் தள்ளிப்போடக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

ஒரு கொசுவர்த்திச் சுருள் முழுதாக எரிந்தால் வெளிவரும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளியிடும் அளவுக்குச் சமம் என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. கதவைச் சாத்திக்கொண்டு, குழந்தையின் தலைமாட்டில் அதை ஏற்றிவைக்கிறோம்! கொசுவலை கட்டுங்கள்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ‘சமீர்’ செயலி உங்கள் ஊர்க் காற்றைத் ‘திருப்தி’ என்று காட்டினாலும், பிஎம் 2.5 நுண்துகள் ஒரு கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம் வரை இருக்கலாம். உலகச் சுகாதார நிறுவனம் 24 மணி நேரத்துக்குச் சொல்லும் அளவோ 15தான். மூச்சிரைப்பு உள்ளவர்கள் அந்த ஒற்றைச் சொல்லை நம்பிவிடாமல், பிஎம் 2.5 எண்ணையும் பாருங்கள்.

கர்ச்சீஃபும் துப்பட்டாவும் தெருப்புழுதியைத் தடுக்கும். நுண்துகளுக்கு என்95 முகக்கவசம் வேண்டும். மூக்கின் மேல் வரும் கம்பியை இரு கை விரல்களாலும் அழுத்திப் படியவைத்து, பலமாக மூச்சு விட்டுப் பாருங்கள். மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்தால் மேல்பக்கம் காற்று கசிகிறது. தாடி இருந்தாலும் சரியாகப் பொருந்தாது.

நடைப்பயிற்சிக்கு நெடுஞ்சாலையோரம் வேண்டாம், உள்தெருவே போதும். காரில் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால், ஏசியில் உள்காற்றே சுழலும் பொத்தானை அழுத்திவிடுங்கள்.

மாடியேறினால் இரைக்கிறது, மாதக்கணக்கில் இருமல் விடவில்லை என்றால் வயதின் மேல் பழி போடாதீர்கள். ஆரம்பகட்ட சிஓபிடி எக்ஸ்ரேயில் தெரியாமலே போகலாம். குழாயில் பலமாக ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரிதான் அதைக் காட்டும். இழந்த நுரையீரல் திறன் முழுதாகத் திரும்பாது என்பதால், சீக்கிரம் கண்டுபிடிப்பது முக்கியம். மருத்துவரைப் பார்க்கும்போது எத்தனை வருடம் விறகடுப்பில் சமைத்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள்; அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.