கட்டளைக் கோவைச் சோதனையிற் போலிக் கருவிகள்

1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. மீளப் பெறவியலாத சுவடிகளும் அவற்றுள் அடங்கும். 2005 இல் தொடங்கிய நூலகம் மின்னூலகத் திட்டத்தின் சமூகத் தேவையை இவ்விழப்பின் பின்னணியிலேயே நாம் விளங்கிக்கொள்ளலாம். இன்று அரியாலை போன்ற ஓர் ஊரின் சனசமூக நிலையமும் தன் பழைய மலர்களை மின்படிகளாக்கிப் பேண முடியும். ஆனால், மின்படியை அழிக்க நெருப்பு வேண்டுவதில்லை. பிழையான ஒரு கட்டளையே போதும்.

இத்தகைய பணிகள் பெரும்பாலும் ஷெல் ஸ்கிரிப்ட் எனப்படும் கட்டளைக் கோவையாலேயே இயக்கப்படுகின்றன. ‘டெசரக்ட்’ எழுத்துகளை இனங்காண்கிறது. ‘ஆர்சிங்க்’ வேறொரு கணினிக்குப் படியெடுக்கிறது. ‘ஆர்எம்’ பழைய கோப்பை நீக்குகிறது. கோவை தானே செய்வது சிறிது. பிற கருவிகளை ஏவுவதே அதன் தொழில். எனவே அதனைச் சோதிப்பதற்காக இயக்கினால் உண்மையான கோப்புகளே நீங்கிவிடக்கூடும்.

இதற்குத் தீர்வு போலிக் கருவியாகும். வெறும் பெயரால் அழைக்கப்படும் கருவியை ஷெல், ‘பாத்’ என்னும் மாறியிற் குறித்த அடைவுகளில் இடமிருந்து வலமாகத் தேடி, முதலிற் கண்டதையே இயக்கும். ஆகவே, தற்காலிக அடைவொன்றில் அதே பெயருடைய சிறு கோவைகளை வைத்து, அவ்வடைவை மாறியின் முதலிடத்திற் சேர்த்தால் அவையே இயங்கும். கருவியின் பெயரிலேயே ஷெல் சார்பொன்றை வரையறுப்பது மற்றொரு முறை. ‘பாட்ஸ்’ முதலிய சோதனைச் சட்டகங்களில் இவ்விரண்டையும் கையாளலாம்.

போலியின் கடமைகள் இரண்டு: தனக்கு வந்த அளவுருக்களைப் பதிந்துவைத்தல்; நாம் விதித்த முடிவுக் குறியீட்டைத் திருப்புதல். சுழியம் வெற்றியைக் குறிக்கும். பிற எண்கள் தோல்வியைக் குறிக்கும். போலி ‘ஆர்சிங்க்’ தோல்வியைத் திருப்புமாறு செய்து, பின்னர் ‘ஆர்எம்’ அழைக்கப்பட்டதா எனப் பதிவேட்டைப் பார்க்கிறோம். அழைக்கப்பட்டிருப்பின், படியெடுக்கப்படாத மலரைக் கோவை அழித்திருக்கும் என்பது ஒரு பக்கமும் இழக்காமலே புலனாகிறது.

இம்முறைக்கும் எல்லைகள் உள. கருவியை முழுப் பாதையுடன் அழைக்கும் கோவையில் இவ்விரு முறைகளும் பயன்படா. சோதனையின்போதும் மெய்யான கருவியே இயங்கிவிடும். மேலும், போலி என்பது கருவியைப் பற்றிய எமது நம்பிக்கையின் வடிவமே. ‘செட்’ கருவியின் கோப்பைத் திருத்தும் தெரிவு குனூ வகையில் ஒருவிதமாகவும், மாக் கணினிகளில் வேறுவிதமாகவும் எழுதப்படவேண்டும். போலியோ இரண்டையும் ஏற்றுக்கொள்ளும். எனவே, சில சோதனைகளையேனும் மாதிரிக் கோப்புகளைக்கொண்டு மெய்யான கருவிகளுடன் நடத்துதல் இன்றியமையாதது.

ஆவணத்தைப் பேணுதல் படியெடுப்பதோடு முடிவதில்லை. படியெடுக்கும் கருவி தவறும்போது என்ன நேரும் என்பதை முன்னரே அறிந்துகொள்வதும் அப்பணியின் பகுதியேயாகும்.