படகுக்குப் புது ‘கிப்பாஸ்’: கடையில் பாதி வேலை, கடலில் மீதி வேலை

பினாங்கு, தெலுக் பஹாங் படகுத்துறையிலிருந்து தேசியப் பூங்காவின் குரங்குக் கடற்கரைக்கோ பந்தாய் கெராச்சுட்டுக்கோ படகில் போயிருக்கிறீர்களா? ஆட்கள் நிறைய ஏறியதும் சில படகுகளில் இன்ஜின் முக்கும், படகின் மூக்கு மேலே தூக்கும், சத்தம் காதைப் பிளக்கும். வேகத்தை மட்டும் காணோம். அதே படகு இரண்டு பேருடன் திரும்பும்போது பறக்கும்.

“இன்ஜின் பழசாயிடுச்சு” என்பதுதான் உடனே வரும் தீர்ப்பு. பல நேரங்களில் குற்றவாளி இன்ஜின் இல்லை. அதன் வாலில் தண்ணீருக்குள் சுழலும் புரொப்பெல்லர்தான். நம் ஊர்ப் படகுக்காரர்கள் மலாயில் ‘கிப்பாஸ்’, அதாவது விசிறி, என்று சொல்வது இதைத்தான்.

புரொப்பெல்லரை மாற்றுவது சின்ன வேலை. பொருத்தமில்லாததை மாட்டிக்கொண்டு ஓட்டினால் வரும் செலவு அப்படியல்ல. எரிபொருள் வீணாகும், பல ஆயிரம் ரிங்கிட் இன்ஜின் தேயும், கரையிலிருந்து தூரத்தில் வானிலை மாறும்போது தேவைப்படும் வேகமும் கிடைக்காது. பினாங்குத் தீவின் தெற்கில் 2023 செப்டம்பரில் சிலிக்கான் தீவுக்கான கடல் நிலமீட்புப் பணி தொடங்கியது. மீன் பிடிக்க இனி இன்னும் தூரம் போக வேண்டியிருக்கும் என்பது அந்தக் கரையோர மீனவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் கவலை. தூரம் கூடக் கூட, புரொப்பெல்லரில் இருக்கும் சின்னப் பிழையும் தினசரிச் செலவாகிவிடும்.

அந்த இரண்டு எண்கள் என்ன சொல்கின்றன?

புரொப்பெல்லரின் குடத்திலோ இலையிலோ 11 × 13 என்பது போல இரண்டு எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். இரண்டுமே அங்குலக் கணக்கு. முதல் எண் விட்டம், அதாவது இலைகளின் நுனிகள் சுழலும்போது வரையும் வட்டத்தின் அகலம். இரண்டாவது எண் பிட்ச்.

பிட்ச் என்றால் என்ன? ஒரு திருகாணியை மரத்தில் ஒரு முழுச் சுற்று திருகினால் அது கொஞ்சம் உள்ளே போகும் இல்லையா? அதே மாதிரி, தண்ணீர் மரம் போலக் கெட்டியாக இருந்தால் ஒரு சுற்றில் புரொப்பெல்லர் எத்தனை அங்குலம் முன்னேறும் என்பதே பிட்ச். 13 பிட்ச் என்றால் 13 அங்குலம். ஆனால் தண்ணீர் மரம் இல்லையே, வழுக்கும். கணக்குப்படி போக வேண்டிய தூரத்துக்கும் உண்மையில் போகும் தூரத்துக்கும் உள்ள இடைவெளியை ‘ஸ்லிப்’ என்கிறார்கள். 10 முதல் 20 விழுக்காடு ஸ்லிப் சாதாரணம். கனமான வேலைப் படகுகளில் அதைவிடக் கூடுதலாகவும் இருக்கும்.

இதை சைக்கிள் கியரோடு ஒப்பிட்டால் சட்டென்று புரியும். பிட்ச் அதிகம் என்றால் பெரிய கியர். சமதளத்தில் வேகம் வரும், ஆனால் பினாங்குக் கொடிமலையில் ஏறினால் கால் நின்றுவிடும். பிட்ச் குறைவு என்றால் சின்ன கியர். ஏற்றத்தில் சுலபம், இறக்கத்தில் கால் வீணாகச் சுற்றும். ஆட்களும் ஐஸ் பெட்டியும் வலையும் ஏற்றிய படகுக்கு ஒவ்வொரு பயணமும் மலையேற்றம்தான்.

விட்டத்தைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். இன்ஜினின் கியர்பாக்ஸும் மேலே உள்ள தகடும் விடும் இடத்துக்குள்தான் அது இருக்க முடியும். பெரும்பாலும் தயாரிப்பாளரே அதை முடிவு செய்துவிடுகிறார். நம் கையில் இருப்பது பிட்ச்.

எண்களோடு ஓர் எழுத்தும் இருந்தால் (யமஹாவில் இருக்கும்) அதையும் குறித்துக்கொள்ளுங்கள். எந்த வகைக் கியர்பாக்ஸுக்கு அது பொருந்தும் என்பதற்கான அடையாளம் அது. விட்டமும் பிட்ச்சும் சரியாக இருந்து தண்டின் பல் வரிசை பொருந்தாவிட்டால், வாங்கியது வீட்டு அலமாரிக்குத்தான்.

பழைய எண்ணையே வாங்கினால் போதாதா?

பலர் செய்வது அதுதான். பழையதைக் கடைக்கு எடுத்துப்போய் “இதே மாதிரி ஒண்ணு கொடுங்க” என்று வாங்கி வருவது. பழையது சரியாக இருந்தது என்று உறுதியாகத் தெரிந்தால் தப்பில்லை. ஆனால் புது இன்ஜினோடு வரும் புரொப்பெல்லர் ஒரு சராசரிப் படகை மனதில் வைத்துக் கொடுக்கப்படுவது. உங்கள் படகின் எடை, அடிப்பகுதியின் வடிவம், நீங்கள் ஏற்றும் சுமை எதுவும் அந்தத் தொழிற்சாலைக்குத் தெரியாது.

சரி, எப்படித் தெரிந்துகொள்வது? ஒரே ஒரு எண்ணைப் பார்த்தால் போதும். வழக்கமான சுமையோடு முழு வேகத்தில் இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றுகிறது? அதாவது ஆர்பிஎம். ஒவ்வோர் இன்ஜின் கையேட்டிலும் முழு வேகத்தில் இருக்க வேண்டிய ஆர்பிஎம் வரம்பு அச்சிடப்பட்டிருக்கும். சிலவற்றுக்கு 4,500 முதல் 5,500, சிலவற்றுக்கு 5,000 முதல் 6,000. உங்கள் இன்ஜின் அந்த வரம்புக்குள் சுற்றினால் புரொப்பெல்லர் பொருத்தம்.

வரம்பை எட்டவே இல்லை என்றால் பிட்ச் அதிகம். இன்ஜின் திணறுகிறது. மேட்டில் நாலாம் கியரில் லாரி ஓட்டுகிற கதை. சூடேறும், கரி படியும், பிஸ்டனுக்கே கேடு வரலாம். படகு ஓடிக்கொண்டுதான் இருக்கும் என்பதால் பலருக்கு இது தெரிவதே இல்லை. என்னைக் கேட்டால் இதுதான் ரொம்ப ஆபத்தான வகை. வரம்பைத் தாண்டிச் சுற்றினால் பிட்ச் குறைவு. புதிய இன்ஜின்களில் அதைத் தடுக்கும் கட்டுப்பாடு இருக்கும். பழைய டூ-ஸ்ட்ரோக் இன்ஜின்கள் பலவற்றில் அதுவும் கிடையாது.

தோராயக் கணக்கு இது: பிட்ச்சை 1 அங்குலம் குறைத்தால் ஆர்பிஎம் 150 முதல் 200 வரை கூடும். 1 அங்குலம் கூட்டினால் அதே அளவு குறையும்.

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். வரம்பு 5,000 முதல் 6,000 உள்ள இன்ஜின், 13 பிட்ச் புரொப்பெல்லர். சுமையோடு முழு வேகத்தில் 4,600தான் வருகிறது. பிட்ச்சை 11 ஆக்கினால் 4,900 முதல் 5,000 வரை. வரம்பின் வாசற்படி. 10 ஆக்கினால் 5,050 முதல் 5,200 வரை. தினமும் சுமை ஏற்றும் படகு என்றால் நான் 10ஐத்தான் முதலில் சோதித்துப் பார்ப்பேன்.

வாங்கும் முன் இதைப் பாருங்கள்

ஆர்பிஎம் குறைந்ததற்குப் புரொப்பெல்லர் மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை. படகின் அடியில் பாசியும் சிப்பியும் ஒட்டியிருந்தாலே வேகம் போய்விடும். பழைய ஸ்பார்க் பிளக், அழுக்கான எரிபொருள் வடிகட்டி, படகின் அடியில் தேங்கிய நீர், இவற்றையும் பார்த்துவிட வேண்டும்.

தலைகீழான சிக்கலும் உண்டு. இன்ஜின் அலறுகிறது, ஆர்பிஎம் ஏறுகிறது, படகு நகரவில்லை. பல புரொப்பெல்லர்களின் குடத்துக்குள் ஒரு ரப்பர் உருளை இருக்கும். மரக்கட்டையில் இடித்தால் கியர் உடையாமல் அதிர்ச்சியைத் தாங்குவது அதன் வேலை. அது பிடி விட்டுவிட்டால் தண்டு சுற்றும், இலைகள் சுற்றாது. கண்டுபிடிக்க ஒரு மார்க்கர் பேனா போதும். குடத்தின் உள்வளையத்திலிருந்து வெளிவளையம் வரை ஒரு நேர்க்கோடு போட்டுவிட்டு ஓட்டிப் பாருங்கள். திரும்பி வரும்போது கோடு இரண்டாக விலகியிருந்தால் ரப்பர் போய்விட்டது.

இன்ஜினைப் படகில் ரொம்ப உயரமாகப் பொருத்தியிருந்தாலும் இதே அலறல் கேட்கும். மேலேயிருந்து காற்று உறிஞ்சப்பட்டு, புரொப்பெல்லர் தண்ணீருக்குப் பதில் நுரையைக் கடையும். அதைத் தடுக்கத்தான் புரொப்பெல்லருக்கு மேலே அந்தத் தட்டையான தகடு. அது ஏறக்குறைய படகின் அடிமட்டத்தோடு சமமாக இருக்க வேண்டும். இந்தக் கோளாறைப் பலர் ‘கேவிட்டேஷன்’ என்கிறார்கள். அது வேறு. இலையின் மேல் அழுத்தம் மிகவும் குறைந்து, சூடே இல்லாமல் தண்ணீர் கொதித்துக் குமிழியாகி, அந்தக் குமிழிகள் வெடித்து உலோகத்தை அரிப்பதுதான் கேவிட்டேஷன். இலையில் அம்மைத் தழும்பு போலப் புள்ளிகள் தெரிந்தால் அதைச் சந்தேகிக்கலாம்.

அலுமினியமா, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா?

ஸ்டீல் இலை மெல்லியது, வளையாது, வேகம் தரும். விலை பல மடங்கு. பினாங்கு நீரிணையில் மிதப்பது என்ன என்று பார்த்தவர்களுக்குத் தெரியும்: மரக்கட்டை, அறுந்த வலை, கயிறு, பிளாஸ்டிக். கரையோரம் சேறும் மணலும். அலுமினியம் இடித்தால் அதுவே வளையும் அல்லது உடையும், கியர்பாக்ஸ் தப்பிக்கலாம். ஸ்டீல் அந்த அடியை உள்ளே கடத்திவிடும் வாய்ப்பு அதிகம். ஆழமில்லாத நீரில் தினமும் உழைக்கும் படகுக்கு அலுமினியமே புத்திசாலித்தனம்.

3 இலையா, 4 இலையா என்ற கேள்விக்கு: 4 இலை சுமையோடு கிளம்பும்போது தண்ணீரை நன்றாகப் பிடிக்கும், உச்ச வேகம் கொஞ்சம் குறையும். மூன்றிலிருந்து நான்குக்கு மாறினால் பிட்ச்சை 1 அங்குலம் குறைத்து வாங்குவது வழக்கம்.

கடலில் சோதிப்பது எப்படி?

மாட்டும்போது கில் சுவிட்ச் கயிற்றைக் கழற்றி, கியரை நியூட்ரலில் வைத்து, ஸ்பார்க் பிளக் வயர்களையும் பிடுங்கிவிடுங்கள். கையால் புரொப்பெல்லரைத் திருப்பும்போது இன்ஜின் கிளம்பிவிட்டால் விரல் மிஞ்சாது. வாஷர்கள் எந்த வரிசையில் வந்தன என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம். தண்டில் தூண்டில் நரம்பு சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். அது எண்ணெய் சீலை அறுத்துவிடும். தண்டுக்குக் கடல்நீர் தாங்கும் கிரீஸ், நட்டுக்குப் புதுக் காட்டர் பின்.

ஆர்பிஎம் மீட்டர் இல்லையா? கையால் திருப்பி ஓட்டும் சின்ன இன்ஜின்களில் பெரும்பாலும் இருக்காது. ஸ்பார்க் பிளக் வயரில் சுற்றிவிட்டால் எண்ணிக்கை காட்டும் சிறிய டிஜிட்டல் மீட்டர்கள் கிடைக்கின்றன. உங்கள் இன்ஜின் வகைக்கு ஏற்ப அதை அமைக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டு மடங்கோ பாதியோ காட்டி உங்களைக் குழப்பும். வேகத்துக்கு போனில் உள்ள ஜிபிஎஸ் போதும்.

புது இன்ஜின் என்றால், கையேடு சொல்லும் பழக்கும் நேரம் முடியும்வரை முழு வேகச் சோதனை வேண்டாம். பழகிய இன்ஜினை நன்றாகச் சூடேற்றிவிட்டு, அலை இல்லாத காலையில், குளிப்பவர்களும் ஃபெரியும் பெரிய கப்பல்களும் இல்லாத இடத்துக்குப் போங்கள். உயிர்காப்பு உடையும் கில் சுவிட்ச் கயிறும் உடம்பில் இருக்கட்டும்.

இப்போது முக்கியமான விஷயம், சுமை. வெறும் படகில் சோதிப்பது பரீட்சைக்குப் பதில் ஒத்திகையை எழுதுவது மாதிரி. வழக்கமாக ஏற்றும் அளவு ஆள், எரிபொருள், ஐஸ் எல்லாம் இருக்க வேண்டும். தண்ணீர்க் கேன்களை ஆள் எடைக்கு வைத்துக்கொள்ளலாம். முழு வேகம் கொடுத்து, வேகம் நிலைத்ததும் ஆர்பிஎம்மையும் ஜிபிஎஸ் வேகத்தையும் குறித்துவிட்டு உடனே குறையுங்கள். சில விநாடி வேலைதான்.

பிறகு அதே வழியில் திரும்பி வந்து மறுபடியும் அளக்க வேண்டும். நீரிணையில் ஏற்ற இறக்க நீரோட்டம் இருப்பதால் ஒரு திசை அளவு பொய் சொல்லும். இரண்டின் சராசரியே கணக்கு. அதன்பின் சுமையை இறக்கிவிட்டு இன்னொரு முறை. சுமையோடு வரம்பின் கீழ் எல்லையைவிடக் குறையக் கூடாது, சுமையில்லாமல் மேல் எல்லையைத் தாண்டக் கூடாது. இரண்டிலும் தேறுவதுதான் உங்கள் புரொப்பெல்லர்.

ஸ்லிப் கணக்கும் போட்டுப் பார்க்கலாம். ஆர்பிஎம்மைப் பிட்ச்சால் பெருக்கி, கியர் விகிதத்தால் வகுத்து, மறுபடி 1,215ஆல் வகுத்தால் நாட் கணக்கில் வேகம் வரும். மேலே சொன்ன படகில் கியர் விகிதம் 2 என்று வைத்துக்கொள்வோம். 10 பிட்ச்சில் 5,200 ஆர்பிஎம் வந்தால் கணக்குப்படி 21.4 நாட். ஜிபிஎஸ் போகும்போது 16.5, வரும்போது 19.5 காட்டினால் சராசரி 18. ஸ்லிப் சுமார் 16 விழுக்காடு. நல்ல எண்.

சோதனைதான் சொல்லும் என்பதற்குப் பழைய சாட்சி ஒன்று உண்டு. 1837இல் லண்டனில் பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித் தன் சிறிய படகில் இரண்டு சுற்று கொண்ட நீளமான மரத் திருகு ஒன்றைப் பொருத்தி ஓட்டிக்கொண்டிருந்தார். வழியில் அது எதிலோ இடித்துப் பாதி உடைந்தது. படகு நிற்கும் என்று பார்த்தால், முன்பைவிட வேகமாகப் போனது! எந்தக் கணக்கும் சொல்லாததை அந்த உடைந்த துண்டு சொன்னது.

எரிபொருள் மிச்சமாகுமா?

ஆகும், ஆனால் புரொப்பெல்லர் மட்டும் அற்புதம் செய்யாது. 1986இலேயே, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட வங்காள விரிகுடாத் திட்டம், சிறு மீன்பிடிப் படகுகளின் எரிபொருள் செலவைக் குறைப்பது பற்றி நார்வே படகு வடிவமைப்பாளர் ஓய்விண்ட் குல்பிராண்ட்சன் எழுதிய கையேட்டை வெளியிட்டது. சரியான புரொப்பெல்லர், சுத்தமான அடிப்பகுதி இரண்டும் முக்கியம். அவற்றோடு வேகத்தைக் கொஞ்சம் குறைப்பதும் பெரிய சேமிப்பு. சோதனை முழு வேகத்தில் நடந்தாலும், தினசரி ஓட்டம் அப்படி இருக்கத் தேவையில்லை.

உங்கள் படகில் சரிபார்க்க, அளவுக்கோடு போட்ட எரிபொருள் தொட்டி போதும். தெலுக் கும்பாரிலிருந்து பூலாவ் கெண்டி பக்கம் வழக்கமாகப் போகிறவர் என்றால், அதே தூரம், அதே சுமை, அதே வேகத்தில் பழையதோடு ஒரு நாள், புதியதோடு ஒரு நாள் ஓடி, குறைந்த லிட்டரை எழுதி வையுங்கள்.

புதியதை மாட்டி 10 மணி நேரம் ஓடியபின் நட்டு இறுக்கமாக இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள். பழையது வளையாமல் இருந்தால் தூக்கிப் போடவேண்டாம். ஒரு ஸ்பானர், இரண்டு காட்டர் பின்னோடு அதைப் படகிலேயே கட்டி வைத்தால், வழியில் மரக்கட்டையில் இடித்தாலும் அதை மாட்டிக்கொண்டு கரைக்கு வந்துவிடலாம்.