கடலடி வடமும் கலைச்சொல் தெரிவும்

1. முன்னுரை

மட்டாஞ்சேரி, மலையாளம், கொங்கணி, குசராத்தி, தமிழ் முதலிய மொழிகளைப் பேசுவோர் நெடுங்காலமாக அருகருகே வாழ்ந்துவரும் வணிகப் பகுதியாகும். அதனை உள்ளடக்கிய கொச்சி, இன்று கணினிப் பிணையத்தின் கடல்வாயிலாகவும் விளங்குகிறது. 2002இல் ‘சேஃப்’ எனும் வடம் கொச்சியைத் தென்னாப்பிரிக்காவோடும் மலேசியாவோடும் இணைத்தது. கொச்சி–இலட்சத்தீவு ஒளியிழை வடம் 2024 சனவரி 3இல் நாட்டுக்கு அளிக்கப்பட்டது. அதுவரை வெளித்தொடர்புக்குச் செயற்கைக்கோளையே நம்பியிருந்த தீவுகளுள் 11 இதனால் இணைப்புப் பெற்றன. இத்தகைய பிணையத்தின் உறுப்புகளைத் தமிழில் பெயரிடுங்கால் எழும் சிக்கல்கள் சிலவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

2. கம்பி, இழை, வடம்

‘கேபிள்’ என்பதற்குக் கம்பி, வடம் ஆகிய இரண்டும் வழங்கி வருகின்றன. இவை ஒருபொருட் சொற்கள் அல்ல. கடலடி வடத்தின் நடுவில், ஒளியைக் கடத்தும் மெல்லிய கண்ணாடி இழைகள் உள்ளன. அவற்றைச் சூழ்ந்த செப்புக் கடத்தி, வழியிலுள்ள ஒளிபெருக்கிகளுக்கு மின்சாரம் தருகிறது. கரையை அடுத்த பகுதியில் எஃகுக் கம்பிகள் காப்பாகச் சுற்றப்படுகின்றன. ஆகவே இழையும் கம்பியும் உறுப்புகள், வடம் முழுமை. தேர் இழுக்கும் பருங்கயிற்றைக் குறிக்கும் ‘வடம்’, பல புரிகள் கூடிய ஒன்றைச் சுட்டுவதால் இவ்விடத்துக்குப் பொருந்துகிறது. ஆங்கிலச் சொல்லும் முன்னர்க் கப்பலின் நங்கூரக் கயிற்றையே குறித்தது என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

3. நிலைமாற்றியும் திசைவியும்

‘சுவிட்ச்’ என்பதன் மொழிபெயர்ப்பில் இடர் மிகுதி. விளக்கை ஏற்றி அணைக்கும் பொருளுக்கு இலங்கையில் ‘ஆளி’ என்னும் சொல் உண்டு. அதனைப் பிணையக் கருவிக்கும் இட்டால், நிறுத்தி இயக்கும் பொருள் என்றே படிப்போர் கொள்வர். இக்கருவியோ, வந்து சேரும் தரவுச் சட்டகத்தின் வன்பொருள் முகவரியை நோக்கி, உரிய செருகுவாய் வழியாக மட்டும் அதனை அனுப்புகிறது. ‘நிலைமாற்றி’ என்பதும் இச்செயலை முழுமையாக உணர்த்தவில்லை. எனினும் அது வழக்கில் வேரூன்றிவிட்டமையால், ‘பிணைய’ என்னும் அடையோடு எழுதுதல் தகும்.

‘ரௌட்டர்’ ஒரு பிணையத்திலிருந்து மற்றொரு பிணையத்துக்குத் தரவுப் பொதிகளைச் செலுத்துகிறது. இணைய முகவரியைக் கொண்டு அடுத்த வழியைத் தெரிவதால் ‘திசைவி’ என்னும் ஆக்கம் செயலோடு ஒத்துள்ளது.

‘போர்ட்’ என்பதைத் ‘துறை’ என்போரும் உளர். துறைமுகத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும், கருவியின் செருகுவாயைக் குறிக்கும் சொல்லும் வடிவில் ஒன்றே. முன்னது துறைமுகம் எனவும், பின்னது வாயில் எனவும் பொருள்படும் இரு இலத்தீன் சொற்களினின்று தோன்றியவை. கொச்சித் துறைமுகத்தைப் பற்றிய ஒரே ஆவணத்தில் இரண்டும் வருமாயின் குழப்பம் உறுதி.

4. சொல்லும் பயனாளரும்

கடலடி வடங்களுக்கு நேரும் சேதங்களில் பெரும்பகுதி மீன்பிடிப்பாலும் நங்கூரத்தாலும் நிகழ்வதாகும். குமரி மாவட்டத்துத் தூத்தூர் வட்டார மீனவர் பலர், மட்டாஞ்சேரிக்கு அண்மையிலுள்ள தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்திலிருந்து ஆழ்கடலுக்குச் செல்கின்றனர். அவர்களுக்கான எச்சரிக்கையில் ‘கடலடியில் வடம் உள்ளது’ என்று மட்டும் எழுதினால், அறுந்து மூழ்கிய கயிறு எனக் கொள்ள இடமுண்டு. கயிறென எண்ணி அறுக்க முற்படின் செப்புக் கடத்தியில் ஓடும் உயர் மின்னழுத்தத்தால் உயிருக்கே இடர் நேரும்; தீவுகளின் தொடர்பும் துண்டிக்கப்படும். ஆதலின் ‘மின்சாரம் பாயும் தகவல் தொடர்புக் கேபிள், நங்கூரம் இடாதீர், வலை இழுக்காதீர்’ என எழுதுதல் நன்று. கட்டுரையில் சிறந்த சொல், அறிவிப்புப் பலகையில் தீங்கு செய்யக்கூடும்.

5. முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று நெறிகள் பெறப்படுகின்றன. மூலச்சொல்லின் வடிவை விடக் கருவியின் செயலே பெயருக்கு அடிப்படையாதல் வேண்டும். உறுப்புக்கும் முழுமைக்கும் வெவ்வேறு சொற்கள் வேண்டும். தூய ஆக்கமா, கடன்சொல்லா என்பதைப் படிப்போரின் தொழிலையும், பிழையாக உணரின் விளையும் தீங்கையும் எண்ணி மொழிபெயர்ப்பாளர் முடிவு செய்தல் வேண்டும்.