மூளைக் காயத்திற்குப் பிந்தைய பற்கடிப்பு

மூளைக் காயத்திற்குப் பிந்தைய பற்கடிப்பு என்பது விபத்து, மூச்சுத்திணறல், மாரடைப்பு, மூளைக் குருதிக்கசிவு முதலியவற்றால் மூளை பாதிக்கப்பட்ட ஒருவர், தம்மையறியாமல் பற்களை இறுகக் கடிப்பதையும் நறநறவென அரைப்பதையும் குறிக்கும். உறக்கத்தில் பலருக்கு ஏற்படும் பற்கடிப்பிலிருந்து இது வேறுபட்டது. விழித்திருக்கும்போதும் பல மணிநேரம் தொடரக்கூடியது.

காரணங்கள்

மெல்லும் அசைவுகளை மூளைத்தண்டிலுள்ள நரம்புக் கூட்டங்கள் உருவாக்குகின்றன. பெருமூளை அவற்றைக் கட்டுப்படுத்துகிறது. பெருமூளையில் காயம் ஏற்படும்போது இக்கட்டுப்பாடு தளர்கிறது. ஆழ்மயக்கத்திலிருந்து நோயாளி மெல்ல மீளும் காலத்தில் இது வெளிப்படுவதுண்டு. நினைவு திரும்பத் திரும்பச் சிலருக்குத் தானே குறைந்துவிடும். சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும்.

வலி, மூக்குவழி உணவுக்குழாயின் உறுத்தல், மலச்சிக்கல், வாய்ப்புண் ஆகியவை இதனைத் தூண்டலாம். மனச்சோர்வுக்கும் மனக்குழப்பத்திற்கும் தரப்படும் சில மருந்துகளும் காரணமாகலாம். வயிற்றுப் பூச்சியே பற்கடிப்புக்குக் காரணம் என்ற நம்பிக்கை தமிழ்நாட்டில் பரவலாக உள்ளது. மூளைக் காயமுற்றவருக்குப் பூச்சி மருந்து கொடுப்பதால் இப்பற்கடிப்பு தீராது.

விளைவுகள்

பல்லின் மேற்பூச்சு தேய்ந்து, பற்கள் உடையலாம். உடைந்த துண்டு மூச்சுக்குழாய்க்குள் செல்வது ஆபத்தானது. உதடும் நாக்கும் கடிபடும். தாடை மூட்டில் வலி உண்டாகும். பேச இயலாத நோயாளியால் அவ்வலியைச் சொல்ல முடியாது. வாய் திறவாததால் பல் துலக்குவதும் உணவூட்டுவதும் கடினமாகி, வாயில் பெருகும் கிருமிகள் நுரையீரல் அழற்சிக்கு வழிவகுக்கலாம்.

மருத்துவம்

முதலில் தூண்டும் காரணங்கள் கண்டறிந்து நீக்கப்படுகின்றன. மருந்துகளை மருத்துவரே குறைக்கவோ மாற்றவோ வேண்டும். பற்களைக் காக்க நெகிழிப் பற்கவசம் பொருத்தப்படுவதுண்டு. ஆனால் நினைவற்றவரின் வாயில் அது கழன்று மூச்சை அடைக்கக்கூடும் என்பதால் எல்லோருக்கும் பொருந்தாது. தசை இறுக்கத்தைக் குறைக்கும் பேக்லோஃபென் போன்ற மருந்துகள் சிலருக்குப் பயன்படுகின்றன. அவை தூக்கத்தை உண்டாக்கி, நினைவு மீள்வதைத் தாமதப்படுத்தலாம்.

கடுமையான நிலையில் பொட்டுலினம் நச்சு ஊசி பயன்படுகிறது. 1997 ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவர்களான ஐவன்ஹோ, லாய், பிரான்சிஸ்கோ ஆகியோர் மூளைக் காயமுற்ற ஒருவருக்கு இவ்வூசி பயனளித்ததை அறிவித்தனர். கன்னத்திலுள்ள மெல்லும் தசையிலும் நெற்றிப்பொட்டிலுள்ள தசையிலும் சிறிதளவு செலுத்தப்படும் இந்நச்சு, நரம்பு முனையிலிருந்து அசற்றைல்கோலின் வெளிவருவதைத் தடுக்கிறது. சில நாட்களில் தசை தளரும்; பயன் ஏறத்தாழ மூன்று மாதங்கள் நிலைக்கும். அதன்பின் தேவையெனில் மீண்டும் செலுத்தப்படும். விழுங்குவதில் சிரமம் ஏற்படலாம் என்பதால் கண்காணிப்பு தேவை. இம்முறைக்குச் சான்றாக உள்ளவை பெரும்பாலும் சிறு ஆய்வுகளே.

பராமரிப்பு

இறுகிய பற்களுக்கிடையே கரண்டியையோ விரலையோ நுழைத்துத் திறக்க முயலக்கூடாது. தொடுகையே மேலும் இறுகக் கடிக்கும் அனிச்சைச் செயலைத் தூண்டும். தலையைச் சற்று உயர்த்தி வைத்து, தாடையை மெல்ல நீவிவிட்டு, தசை தளரும்வரை காத்திருந்து வாயைத் தூய்மை செய்தல் நலம்.

திருப்பெரும்புதூர் - ஒரகடம் பகுதியில்

காஞ்சிபுரம் மாவட்டத்தின் இத்தொழிற்பகுதியில் ஊர்தி, மின்னணுத் தொழிற்சாலைகள் பல உள்ளன. சரக்குந்துகள் ஓடும் சாலைகளிலேயே தொழிலாளர்கள் இரவு முறை வேலைக்கு இருசக்கர வண்டிகளில் சென்றுவருகின்றனர். தலைக்காயத்திற்குச் சாலை விபத்து ஒரு முதன்மைக் காரணமாகும்.

தமிழ்நாடு அரசு 2021 திசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணிநேரச் சிகிச்சை இலவசம். பிற மாநிலத் தொழிலாளர்களுக்கும் இது பொருந்தும். ஆனால் பற்கடிப்பு வெளிப்படுவது பெரும்பாலும் அதற்கு நெடுநாள் பின்னரே. நோயாளி வீடு திரும்பியபின் அதை முதலில் கவனிப்பவர்கள் குடும்பத்தினராகவே இருக்கலாம்.

தொழிலாளர் அரசு ஈட்டுறுதிச் சட்டத்தில் 2010 ஆம் ஆண்டு சேர்க்கப்பட்ட திருத்தம், வேலைக்குச் செல்லும்போதோ திரும்பும்போதோ நேரும் விபத்து, வேலையோடு தொடர்புடையது என நிறுவப்பட்டால், பணிக்காயமாகவே கருதப்பட வழிசெய்தது. எனவே காப்பீடு பெற்ற தொழிலாளியின் குடும்பத்தினர் விபத்து நடந்த நேரம், இடம், வழி ஆகியவற்றுக்கான சான்றுகளைத் தொடக்கத்திலேயே பாதுகாத்து வைப்பது பயன்தரும்.