மனநல ஆய்வுகளில் இளைஞர்கள்: சக ஆய்வாளர் முறை

ஆய்வு செய்யப்படும் குழுவைச் சேர்ந்த ஒருவரே, பயிற்சி பெற்று அந்த ஆய்வை நடத்துவோரில் ஒருவராகவும் இருந்தால் அவரைச் சக ஆய்வாளர் என்கிறோம். இளைஞர் மனநல ஆய்வில், மனச்சோர்வு, பதற்றம் போன்றவற்றைத் தாமே அனுபவித்த இளைஞர்கள் இப்பணியைச் செய்கின்றனர்.

ஏன் தேவை?

அமெரிக்காவில் ரொனால்டு கெஸ்லர் குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வின்படி, மனநலக் கோளாறுகளில் பாதி 14 வயதுக்குள்ளும் முக்கால் பங்கு 24 வயதுக்குள்ளும் தொடங்குகின்றன. கேள்விகளை எழுதுவோரோ பெரும்பாலும் அந்த வயதைக் கடந்தவர்கள். "மனச்சோர்வு உண்டா?" என்றால் "இல்லை" என்று முடித்துவிடும் மாணவர், "எதிலுமே பிடிப்பில்லாமல் இருக்கிறதா?" என்றால் பேசத் தொடங்கலாம். இந்த வேறுபாடு சம வயதினருக்கு எளிதில் புலப்படும்.

என்ன செய்வார்கள்?

1. எதை ஆராய வேண்டும் என்று முடிவுசெய்ய உதவுதல்
2. வினாக்களின் மொழியைத் திருத்துதல்
3. நேர்காணல், குழுக் கலந்துரையாடல் நடத்துதல்
4. கிடைத்த பதில்களுக்குப் பொருள் காணுதல்
5. முடிவுகளை மற்ற இளைஞர்களுக்கு எடுத்துச் சொல்லுதல்

பலர் இளைஞர்களை மூன்றாவது பணியோடு நிறுத்திவிடுகின்றனர். அப்போது அவர்கள் தகவல் திரட்டுவோர் மட்டுமே.

பெயரளவுப் பங்கேற்பு

ரோஜர் ஹார்ட் என்பவர் 1992இல் யுனிசெஃப் வெளியீடொன்றில் 8 படிகள் கொண்ட 'பங்கேற்பு ஏணி'யை விளக்கினார். பிறர் நோக்கத்துக்குப் பயன்படுத்தல், அலங்காரம், பெயரளவு ஆகிய கீழ் 3 படிகளும் பங்கேற்பே அல்ல என்பது அவர் கருத்து. ஓர் ஆய்வு எந்தப் படியில் நிற்கிறது என்று அறிய ஒரு கேள்வி போதும்: இளைஞர் சொன்னதால் ஆய்வில் ஏதேனும் மாறியதா?

பாதுகாப்பு

சக ஆய்வாளருக்குப் பலம் தரும் நெருக்கமே ஆபத்தும் ஆகலாம். ஒரே விடுதியில் இருப்பவரிடம் சொன்ன இரகசியம் வெளியானால் நம்பிக்கை உடையும். பிறர் துயரத்தைக் கேட்கையில் தம் பழைய காயமும் கிளறப்படலாம். ஆகவே பயிற்சி, ஊதியம், பேசி ஆறுதல் பெற ஒரு மூத்தவர், வேண்டும்போது விலகும் உரிமை ஆகிய நான்கும் அவருக்கு அவசியம்.

சக ஆய்வாளர் மனநல ஆலோசகர் அல்லர். பேசுபவரின் உயிருக்கு ஆபத்து எனத் தெரிந்தால் உடனே பொறுப்பாளரிடம் தெரிவிக்க வேண்டும். இரகசியத்துக்கு உள்ள இந்த வரம்பை நேர்காணலின் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். இந்தியாவில் அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416.

வரம்பு

ஓர் இளைஞர் எல்லா இளைஞர்களுக்கும் பிரதிநிதி ஆகமாட்டார். நகரக் கல்லூரி மாணவர்களை மட்டும் சேர்த்தால், படிப்பை நிறுத்தி வேலைக்குப் போனவர்களின் குரல் விடுபட்டுப்போகும். அவர்களையும் தேடிச் சேர்ப்பது ஆய்வை நடத்துவோரின் கடமை.