பாங்கோசை பிள்ளையின் செவியில் விழுந்ததா?

குழந்தை பிறந்ததும் அதன் வலச்செவியில் பாங்கும் இடச்செவியில் இகாமத்தும் சொல்வது நம் இல்லங்களில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். அவ்வோசை குழந்தையின் செவிக்குள் சென்று சேர்ந்ததா என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்?

திருக்குர்ஆனின் 16ஆம் அத்தியாயம் 78ஆம் வசனம், ஒன்றும் அறியாதவர்களாய்ப் பிறந்த நமக்கு அல்லாஹ் வழங்கிய அருட்கொடைகளுள் செவிப்புலனையே முதலில் குறிப்பிடுகிறது. மழலைக்குப் பேச்சு செவிவழியே வருகிறது. செவி அடைபட்டால் நாவும் தயங்கி நின்றுவிடுகிறது.

உட்செவியில் நத்தைக்கூடு போல் இரண்டரைச் சுற்றாய்ச் சுருண்ட நுண்ணறை ஒன்றுண்டு. அதிலுள்ள மயிரிழை உயிரணுக்களே ஒலியதிர்வை மின்துடிப்பாக்கி நரம்புக்கு அளிக்கின்றன. அவை பெரிதும் பழுதுபட்டால் சாதாரணக் காதுக்கருவியால் போதிய பயன் இராது. அத்தகையோருக்கு உதவுவதே ‘காக்ளியர் இம்பிளாண்ட்’. காதின் பின்னே அணியும் வெளிக்கருவி ஒலியை வாங்கித் தோலுக்கடியிலுள்ள உட்கருவிக்கு அனுப்ப, அது மின்வாய்க் கம்பி வழியே நேரே நரம்பைத் தூண்டுகிறது.

இதனை உருவாக்கிய முன்னோடிகளுள் ஒருவரான ஆஸ்திரேலிய மருத்துவர் கிரஹாம் கிளார்க், காது மந்தமான தந்தையின் மகன். சுருளறைக்குள் கம்பியைச் செலுத்தும் வழியறியாது திகைத்த அவர், 1977இல் கடற்கரையில் ஒரு சிப்பிக்கூட்டினுள் புல்லிதழைச் செலுத்திப் பார்த்து வழி கண்டார். 1978இல் மெல்போர்னில் தம் முதல் நோயாளிக்குக் கருவியைப் பொருத்தினார்.

பெற்றோர்களே! “அவன் அத்தாவும் தாமதமாகத்தான் பேசினார்” என்று காத்திருக்காதீர்கள். பிறந்த 1 மாதத்திற்குள் செவிச்சோதனை, 3 மாதத்திற்குள் குறையை உறுதிசெய்தல், 6 மாதத்திற்குள் சிகிச்சைத் தொடக்கம் என்பதே மருத்துவர் வகுத்த நெறி. ஓ.ஏ.ஈ., பெரா எனும் சோதனைகள் குழந்தை உறங்கும்போதே வலியின்றிச் செய்யப்படுபவை. மக்தபில் உஸ்தாதின் உதடுகளையே உற்றுநோக்கும் பிள்ளையையும் கவனியுங்கள்.

மயிலம், கூட்டேரிப்பட்டு, திண்டிவனம் பகுதியினர் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ புதுச்சேரி ஜிப்மரிலோ காது மூக்கு தொண்டைப் பிரிவை அணுகலாம். பல இலட்சம் ரூபாய் செலவாகும் இச்சிகிச்சையை, தகுதியுள்ள ஏழைக் குடும்பங்களின் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஏற்கிறது. வயது கடந்தால் இவ்வாய்ப்பும் கைநழுவும். மூளை மொழியை எளிதில் பற்றும் பருவமும் கடந்துவிடும்.

அறுவை சிகிச்சையோடு எல்லாம் முடிந்துவிடுவதில்லை. சில வாரங்களுக்குப் பின்னரே கருவி இயக்கப்படும். அன்று குழந்தைக்குக் கேட்பது ஓசை மட்டுமே. அது சொல்லாக மாற, ஓராண்டுக்கு மேலும் பயிற்சி வேண்டும். பயிற்சியாளர் வாரத்தில் சில மணி நேரமே உடனிருப்பார். மற்ற வேளையெல்லாம் தாயின் மடியே பள்ளிக்கூடம். மின்கலம், பழுதுபார்ப்பு என்று பின்னரும் செலவுகள் வரும். மஹல்லா ஜமாஅத்துகளும் பைத்துல்மாலும் கைகொடுக்க வேண்டிய இடம் இதுவே.

உலூவுக்குத் தடையாகுமோ என அஞ்ச வேண்டா. உட்கருவி தோலுக்கடியில் இருப்பது. வெளிக்கருவியைக் கழற்றி வைத்து உலூவும் குளிப்பும் நிறைவேற்றலாம்.

மற்றொன்று: நெருங்கிய உறவில் மணமுடிப்பது, ஹலாலான உறவேயாயினும், தலைமுறை தலைமுறையாய்த் தொடர்ந்தால் பிறவிச் செவிட்டுத்தன்மைக்கு வாய்ப்பு மிகும். குடும்பத்தில் ஒருவருக்கு அக்குறை இருப்பின் சம்பந்தம் பேசுமுன் மருத்துவரைக் கலந்துகொள்ளுங்கள்.

நோயைத் தந்தவன் நிவாரணத்தையும் தந்துள்ளான் என்பது நம் நபி (ஸல்) அவர்களின் போதனை. அதைத் தேடிச் செல்வது நம் கடமை. உங்கள் வீட்டுக் குழந்தையின் பின்னே நின்று இன்றே ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். ஐயம் எழுந்தால் நாளையே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள்.