பாட்டியின் முடிச்சில் அமெரிக்க வெள்ளி!

ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கத்துப் பழைய வீடுகளில், வெள்ளி ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருப்பார்கள். பாட்டி காலத்துச் சொத்து!

அவசரச் செலவு வந்தால் அந்த முடிச்சு நகைக்கடைக்குப் போகும். உருகிப் போகும்.

கொஞ்சம் பொறுங்கள்! ரூபாயில் 1918 அல்லது 1919 என்று இருக்கிறதா? அப்படியானால் அதில் அமெரிக்க வெள்ளி கலந்திருக்கலாம்.

"நோட்டு வேண்டாம்!"

1914-ல் முதல் உலகப் போர் மூண்டது. போருக்கு வேண்டிய சரக்குகளைப் பிரிட்டன் இந்தியாவில் வாங்கிக் குவித்தது. கொடுப்பதற்கு வெள்ளி ரூபாய் போதவில்லை.

1917-ல் ஒரு ரூபாய் நோட்டு வந்தது. மக்கள் காகிதத்தை நம்பவில்லை. "நோட்டு வேண்டாம், வெள்ளியைக் கொடு" என்றார்கள்.

பிரிட்டன் அமெரிக்காவின் உதவியை நாடியது. 1918 ஏப்ரல் 23-ந்தேதி அமெரிக்காவில் 'பிட்மன் சட்டம்' வந்தது.

27 கோடி டாலர் உருகியது

கஜானாவில் கிடந்த 27 கோடி வெள்ளி டாலர்கள் உருக்கப்பட்டன. அதில் ஏறத்தாழ 26 கோடி டாலரின் வெள்ளி, இந்தியாவுக்காகப் பிரிட்டனிடம் விற்கப்பட்டது.

கல்கத்தா, பம்பாய் நாணயச் சாலைகளில் அது ரூபாயாக மாறியது. ஒரு டாலரின் வெள்ளியில் இரண்டு ரூபாய் அடிக்கலாம். கொஞ்சம் மிஞ்சவும் செய்யும்!

தப்பிய டாலர்

1878 முதல் 1904 வரை அடித்த 'மார்கன் டாலர்'களே பெரும்பாலும் உருகின. எந்த ஆண்டு டாலர் எத்தனை உருகியது என்று யாரும் கணக்கு வைக்கவில்லை. ஆகவே, தப்பிய டாலர்களை நாணயம் சேர்ப்பவர்கள் தேடி அலைகிறார்கள்.

1893-ல் சான்பிரான்சிஸ்கோவில் அடித்தது 1 லட்சம்தான். பின்புறம் கழுகின் கீழே 'எஸ்' என்ற ஆங்கில எழுத்து இருக்கும். நல்ல நிலையில் கிடைத்தால் பல லட்சம் ரூபாய் பெறும். வேறு டாலரில் அந்த எழுத்தை ஒட்டி ஏமாற்றுகிறவர்களும் உண்டு!

ஏமாறாதீர்கள்

1918-ம் ஆண்டு ரூபாய் அபூர்வமானது அல்ல. ஏராளமாக அடித்தார்கள். "பழைய காசுக்குக் கோடி ரூபாய்" என்று சொல்லி முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ரிசர்வ் வங்கியே 2021-ல் இதுபற்றி எச்சரித்தது.

புளி போட்டுத் தேய்க்காதீர்கள். தேய்த்த காசுக்கு மதிப்புக் குறையும்.

எல்லாவற்றையும் உருக்கிவிடாமல் ஒன்றையாவது வையுங்கள். கடல் கடந்து வந்த வெள்ளியின் கதையைச் சொல்லி, பேரன் பேத்தி கையில் கொடுங்கள்!